சின்னப் பட்டறைக்குப் பணம் கொடுத்தால் டிடிஎஸ் கணக்கு எப்படிக் காட்டுவது? – கேள்வி பதில்

சென்னையில் சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதித் தருவது என் வேலை. டிடிஎஸ் என்பது ஒருவருக்குப் பணம் கொடுக்கும்போதே அவருடைய வருமான வரிக்காக ஒரு பங்கைப் பிடித்து அரசாங்கத்துக்குக் கட்டுவது. அதைப் பற்றி ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் இரண்டு தரப்பிலிருந்தும் ஃபோன் வரும். பணம் கொடுத்தவர் "என்ன படிவம் போடணும்?" என்பார். பணம் வாங்கியவர் "பிடிச்ச பணம் எங்கே போச்சு?" என்பார். அந்தக் கேள்விகளுக்கான பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே வரும் பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி. தொகைகளும் விகிதங்களும் 2025-26 நிதியாண்டுக்கானவை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டதால், அன்று முதல் கொடுக்கும் பணத்துக்கு இந்தப் பிரிவுகள் எல்லாம் 393 என்ற ஒரே பிரிவுக்குள் அடங்கும். படிவ எண்ணையும் வருமான வரி போர்ட்டலில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வேலை நடக்கும் முறை அதேதான்.

டிடிஎஸ் பிடிப்பது யார் பொறுப்பு? நான் சின்னக் கடைதான் வைத்திருக்கிறேன்.

கம்பெனி, பார்ட்னர்ஷிப், எல்எல்பி என்றால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் நீங்கள் பிடித்தாக வேண்டும். தனி நபராகக் கடை நடத்துகிறீர்கள் என்றால் முந்தைய ஆண்டின் விற்றுமுதலைப் பாருங்கள். வியாபாரத்தில் 1 கோடியைத் தாண்டியிருந்தால், அல்லது டாக்டர், வக்கீல் போன்ற தொழிலில் வரவு 50 லட்சத்தைத் தாண்டியிருந்தால், இந்த ஆண்டு பிடிக்கவேண்டிய கடமை உண்டு. இல்லையென்றால் இல்லை. வீட்டுக்கு பெயிண்ட் அடித்தது, மகள் கல்யாணத்துக்கு சமையல்காரருக்குக் கொடுத்தது போன்ற சொந்தச் செலவு இந்தக் கணக்கில் வராது.

ஆனால் வீடு கட்ட ஒரே மேஸ்திரிக்கோ கான்ட்ராக்டருக்கோ ஓராண்டில் 50 லட்சத்துக்கு மேல் கொடுத்தால் அது வேறு கதை. 194எம் பிரிவில் 2 சதவீதம் பிடிக்க வேண்டும். அதற்கு டான் எண் (டிடிஎஸ் பிடித்துக் கட்டுபவருக்கான தனி எண்) தேவையில்லை. உங்கள் பான் எண்ணை வைத்தே 26க்யூடி படிவத்தில் கட்டிவிடலாம். வளசரவாக்கம், மடிப்பாக்கம் பக்கம் தனி வீடு கட்டும் பலருக்கு இது தெரிவதே இல்லை.

எவ்வளவு கொடுத்தால் பிடிக்க வேண்டும்?

அடிக்கடி வருவது 194சி, அதாவது ஒப்பந்த வேலை. ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினாலோ, ஓராண்டில் அதே ஆளுக்குக் கொடுத்த மொத்தம் 1,00,000 ரூபாயைத் தாண்டினாலோ பிடிக்க வேண்டும். வாங்குபவர் தனி நபர் என்றால் 1 சதவீதம், ஃபர்ம் அல்லது கம்பெனி என்றால் 2 சதவீதம்.

ஆண்டு மொத்தத்தில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். கிண்டியில் ஒரு ஆபீஸ் இருக்கிறது, ஏசி பராமரிப்புக்கு ஒரு தனி நபருக்குப் பணம் கொடுக்கிறது என்று வையுங்கள். ஏப்ரலில் 22,000, ஜூனில் 24,000, செப்டம்பரில் 27,000, நவம்பரில் 25,000. எந்த பில்லும் 30,000 இல்லை, மொத்தமும் 98,000தான். அதனால் எதுவும் பிடிக்கவில்லை. ஜனவரியில் 10,000 ரூபாய்க்கு ஒரு பில் வருகிறது. இப்போது மொத்தம் 1,08,000 ஆகிவிட்டது. பிடிக்க வேண்டியது 10,000க்கு மட்டும் அல்ல, முழு 1,08,000க்கும், அதாவது 1,080 ரூபாய். அந்த மெக்கானிக்குக்கு 10,000 பில்லில் 1,080 குறைந்தால் சண்டைக்குத்தான் வருவார். அதனால் ஆண்டு முழுக்க வேலை தரப்போகும் ஆள் என்று தெரிந்தால் முதல் பில்லிலிருந்தே பிடித்துவிடச் சொல்வேன். அவரிடமும் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடிட்டர், வக்கீல், ஆர்க்கிடெக்ட் போன்றவர்களின் கட்டணம் ஆண்டுக்கு 50,000 தாண்டினால் 10 சதவீதம், தொழில்நுட்பச் சேவை என்றால் 2 சதவீதம் (194ஜே). கட்டட வாடகை மாதம் 50,000 தாண்டினால் 10 சதவீதம், இயந்திர வாடகை என்றால் 2 சதவீதம் (194ஐ). கமிஷன், தரகு ஆண்டுக்கு 20,000 தாண்டினால் 2 சதவீதம் (194எச்).

ஒரு சதவீதமா, இரண்டா? கடைப் பெயரில் 'எண்டர்பிரைசஸ்' என்று இருக்கிறதே.

பெயர்ப்பலகையை விட்டுவிட்டு பான் எண்ணைப் பாருங்கள். அதில் நான்காவது எழுத்து 'பி' என்றால் தனி நபர், 'எச்' என்றால் கூட்டுக் குடும்பம். இரண்டுக்கும் 1 சதவீதம். 'எஃப்' என்றால் ஃபர்ம் (எல்எல்பியும் இதில்தான் வரும்), 'சி' என்றால் கம்பெனி. இவற்றுக்கு 2 சதவீதம்.

ஒரே ஆள் நடத்தும் பட்டறைக்கு எவ்வளவு பெரிய பெயர் வைத்திருந்தாலும் அதற்கென்று தனி பான் கிடையாது. முதலாளியின் சொந்த பான்தான். 'இண்டஸ்ட்ரீஸ்' என்ற பெயரைப் பார்த்து 2 சதவீதம் பிடித்த கணக்காளர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கூடுதல் ஒரு சதவீதம் மாதாமாதம் ஒரு சின்னப் பட்டறையின் கரண்ட் பில் பணம்.

பொருள் வாங்கினாலும் பிடிக்க வேண்டுமா?

சாதாரணக் கொள்முதலுக்கு வேண்டாம். தண்ணீர் கேன், ஸ்டேஷனரி, ரிச்சி தெருவில் வாங்கிய கீபோர்டு இதெல்லாம் விற்பனை. ஆண்டு விற்றுமுதல் 10 கோடியைத் தாண்டிய நிறுவனம் ஒரே ஆளிடம் 50 லட்சத்துக்கு மேல் சரக்கு வாங்கும்போதுதான் 194க்யூ வரும், அதுவும் 0.1 சதவீதம்.

குழப்பம் ஜாப் ஒர்க்கில்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறைக்கு நீங்களே இரும்பு ராடு அனுப்பி, அளவு சொல்லி, கடைந்து வாங்குகிறீர்கள் என்றால் அது வேலை. 194சி பொருந்தும். அவரே வெளியில் இரும்பு வாங்கி, உங்கள் அளவுக்குக் கடைந்து பில் போட்டால் அது விற்பனை, பிடித்தம் இல்லை. கேட்டரிங், விளம்பரம், சரக்கு ஏற்றிப் போவது ஆகியவை 'வேலை' என்ற வரையறைக்குள்ளேயே இருக்கின்றன. ஆபீஸ் கேன்டீனுக்கு மாதச் சாப்பாடு சப்ளை செய்பவருக்கும் பிடிக்கத்தான் வேண்டும்.

ஜிஎஸ்டியையும் சேர்த்த தொகையிலா பிடிப்பது?

பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டியிருந்தால் அதை விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். 2017ல் வந்த 23ஆம் எண் சுற்றறிக்கை இதைத் தெளிவாகச் சொல்கிறது. வேலை 48,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 8,640, பில் மொத்தம் 56,640. பிடிப்பது 48,000ல் 1 சதவீதம், அதாவது 480 ரூபாய். கொடுப்பது 56,160.

பில் வந்துவிட்டது, பணம் இன்னும் கொடுக்கவில்லை. எப்போது பிடிப்பது?

கணக்கில் அவர் பெயருக்கு வரவு வைத்த நாள், பணம் கொடுத்த நாள், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அன்று. அட்வான்ஸ் கொடுத்தாலும் அன்றே பிடிக்க வேண்டும். மார்ச் 31 அன்று டேலி கணக்கு மென்பொருளில் 'செலவுக்கு ஒதுக்கீடு' என்று போட்டாலும் பிடித்தாக வேண்டும். இதை மறந்துவிட்டு மே மாதம் பணம் கொடுக்கும்போது பிடிப்பவர்கள் ஏராளம். அப்போது வட்டி வரும்.

சரி, பிடித்துவிட்டேன். அப்புறம் என்னென்ன செய்ய வேண்டும்?

முதலில் டான் எண் வேண்டும். 49பி படிவத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். பத்து எழுத்து இருக்கும். சென்னையில் வாங்கிய எண் 'சிஎச்இ' என்ற எழுத்துகளில் தொடங்கும். செலானில் பான் எண்ணைப் போட்டுவிட்டு, பணம் எங்கே போனது என்று தேடாதீர்கள். டிடிஎஸ் கட்டுவது எப்போதும் டான் எண்ணில்தான், 26க்யூபி, 26க்யூசி, 26க்யூடி போன்ற செலானும் அறிக்கையும் சேர்ந்த படிவங்களைத் தவிர.

பிடித்த பணத்தை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் கட்ட வேண்டும். மார்ச்சில் பிடித்ததற்கு மட்டும் ஏப்ரல் 30 வரை நேரம் உண்டு.

அதன் பிறகு காலாண்டு அறிக்கை. சம்பளத்துக்கு 24க்யூ, மற்ற எல்லாவற்றுக்கும் 26க்யூ, வெளிநாட்டில் வசிப்பவருக்குக் கொடுத்ததற்கு 27க்யூ. கடைசி நாள் ஜூலை 31, அக்டோபர் 31, ஜனவரி 31, மே 31. நான்காவது காலாண்டுக்கு மட்டும் இரண்டு மாதம் தருகிறார்கள்.

கடைசியாக 16ஏ, அதாவது வரி பிடித்ததற்கான சான்றிதழ். அறிக்கையின் கடைசி நாளிலிருந்து 15 நாளுக்குள், அதாவது ஆகஸ்ட் 15, நவம்பர் 15, பிப்ரவரி 15, ஜூன் 15க்குள், வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான டிரேசஸிலிருந்து இறக்கி, பணம் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். எக்செல்லில் நீங்களே தயாரித்த 16ஏ செல்லாது.

இந்த நான்கில் மூன்றாவதைத்தான் நான் கெஞ்சிக் கேட்பேன். பணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். செலான் கட்டினால் அரசாங்கத்துக்குப் பணம் வந்தது தெரியும், ஆனால் அது யாருடைய பணம் என்று தெரியாது. 26க்யூவில் அவருடைய பான் எண்ணோடு ஒரு பதிவு ஏறினால்தான் அது அவர் கணக்கில் சேரும்.

பான் எண்ணில் ஒரு எழுத்து தவறினால் அவ்வளவு பெரிய விஷயமா?

ஆமாம், பெரிய விஷயம்தான். அம்பத்தூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஒருநாள் மஞ்சள் துணிப்பை நிறைய பில்களோடு வந்தார். ஒரு நிறுவனம் ஒன்றரை வருஷமாக அவர் பில்களில் பிடித்திருந்தது. பேங்க் பாஸ்புக்கில் குறைந்து வந்த தொகைகளுக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தார். அவர் பான் எண்ணில் சேர்ந்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்தோம். அந்த நிறுவனத்தின் பெயரே அதில் இல்லை. நிறுவனத்திடம் 26க்யூ நகல் கேட்டு வாங்கி, அவருடைய பான் கார்டுக்குப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தேன். கடைசி எழுத்து 'கே'. அறிக்கையில் 'ஜே'. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்துச் சாவிகள்.

பிடித்தது உண்மை, கட்டியதும் உண்மை. ஒரு சாவி தள்ளி விரல் பட்டதால் அந்த மனிதருக்கு ஒன்றரை வருஷம் ரீஃபண்ட் இல்லை. நிறுவனத்துக்கும் நஷ்டம்தான். இல்லாத பான் என்பதால் 20 சதவீதம் பிடித்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கும் நோட்டீஸ் போயிருந்தது, யாரும் திறந்து பார்க்கவில்லை. திருத்த அறிக்கை போட்ட பிறகுதான் இரண்டு பக்கமும் சரியானது.

அதனால் புதிய பார்ட்டி ஒருவரைச் சேர்க்கும்போதே பான் கார்டின் நகலை வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்து அனுப்பிய எண்ணை நம்பாதீர்கள். டிரேசஸில் பான் சரிபார்க்கும் வசதி இருக்கிறது, எண்ணைப் போட்டால் பெயர் வரும். ஆதாரோடு இணைக்காததால் செயலிழந்த பான் என்றாலும் அங்கேயே தெரிந்துவிடும். அப்படிப்பட்ட பானுக்கும், பானே தராதவருக்கும் 20 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கும் என்பதால் அவரிடம் முதலிலேயே சொல்லி இணைக்கச் சொல்லுங்கள்.

தவறைத் திருத்துவது எப்படி?

டிரேசஸில் பழைய அறிக்கையின் கன்சோ ஃபைலை (தாக்கல் செய்த விவரம் முழுவதும் அடங்கிய கோப்பு) கேட்டு இறக்குங்கள். அதில் தவறான பதிவைத் திருத்தி, திருத்த அறிக்கையாகத் தாக்கல் செய்யுங்கள். தவறு தெரிந்த வாரமே செய்துவிடுங்கள்.

தாமதமானால் எவ்வளவு செலவாகும்?

பிடிக்காமல் விட்டால் மாதம் 1 சதவீத வட்டி. பிடித்தும் கட்டாவிட்டால் 1.5 சதவீதம். இந்த இரண்டாவது வட்டியை, பிடித்த நாளிலிருந்து, மாதத்தின் ஒரு பகுதியையும் முழு மாதமாக எண்ணிப் போடுவார்கள். அக்டோபர் 28 பிடித்ததை நவம்பர் 7க்குப் பதில் 9ஆம் தேதி கட்டினால் அக்டோபர், நவம்பர் என்று இரண்டு மாதக் கணக்கில் 3 சதவீதம் வரும். இரண்டு நாள் தாமதத்துக்கு இரண்டு மாத வட்டி.

அறிக்கை தாமதமானால் 234ஈ பிரிவில் நாளுக்கு 200 ரூபாய். அது அந்த அறிக்கையின் மொத்த டிடிஎஸ் தொகையைத் தாண்டாது. காலாண்டில் 6,200 ரூபாய் பிடித்து, 40 நாள் தாமதம் என்றால் 8,000க்குப் பதில் 6,200 கட்டுவீர்கள். பிடித்த அளவுக்கே அபராதம்! இதற்கு மேல், பிடிக்காமலோ கட்டாமலோ விட்ட செலவில் 30 சதவீதத்தை உங்கள் லாபத்தோடு கூட்டி வரி போடவும் சட்டத்தில் இடம் இருக்கிறது.

டெம்போ வைத்திருப்பவருக்கும் பிடிக்க வேண்டுமா?

சரக்கு வண்டி 10 அல்லது அதற்குக் குறைவாக வைத்திருப்பவர், பான் எண்ணோடு அப்படி ஒரு உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் பிடிக்க வேண்டாம். ஆனால் பிடிக்காவிட்டாலும் 26க்யூவில் அவருக்குக் கொடுத்த பணத்தைக் காட்ட வேண்டும். உறுதிமொழியை ஃபைலில் வைத்திருங்கள். மாதவரத்திலும் மணலியிலும் ஒற்றை வண்டி ஓட்டுபவர்களுக்கு டீசலுக்கே கையில் பணம் நிற்பதில்லை. இந்தச் சலுகை இருப்பது தெரியாமல் பல கம்பெனிகள் அவர்களிடம் பிடிக்கின்றன.

நான் பணம் வாங்குகிற பக்கம். எனக்கு வருமானமே குறைவு. பிடித்தது திரும்ப வருமா?

வரும். ஆனால் நீங்கள் வருமான வரி ரிட்டன் போட்டால்தான் வரும். தானாக வராது.

கணக்கைப் பாருங்கள். தனி நபராகப் பட்டறை நடத்தி ஆண்டுக்கு 24 லட்சம் ரூபாய் முழுவதும் பேங்க் வழியாக வாங்குகிறீர்கள். 44ஏடி பிரிவில் அதில் 6 சதவீதத்தை வருமானமாகக் காட்டலாம், 1,44,000 ரூபாய் (உண்மையான லாபம் அதைவிட அதிகம் என்றால் அதிகமாகவே காட்டுங்கள்). வேறு வருமானம் இல்லையென்றால் வரி இல்லை. ஆனால் 1 சதவீதம் என்று 24,000 ரூபாய் பிடித்திருப்பார்கள். அது முழுக்க உங்கள் பணம். ஐடிஆர்-4 படிவத்தில் தாக்கல் செய்தால் பேங்க் கணக்குக்கு வந்துவிடும். பிடித்தது 25,000 ரூபாயைத் தொட்டால் வருமானம் குறைவாக இருந்தாலும் ரிட்டன் போடுவது கட்டாயம்.

"இருபத்தி நாலாயிரத்துக்காக ஆடிட்டர்கிட்ட போகணுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஒரு பையனின் காலேஜ் ஃபீஸில் ஒரு பங்கு அது. தயவுசெய்து விடாதீர்கள்.

15ஜி கொடுத்தால் பிடிக்க மாட்டார்களா?

'எனக்கு வரி வராது, பிடிக்க வேண்டாம்' என்று எழுதிக் கொடுக்கும் படிவங்கள்தான் 15ஜி, 15எச். அவை பேங்க் வட்டி, வாடகை போன்றவற்றுக்குத்தான். ஒப்பந்த வேலைக்கும் தொழில் கட்டணத்துக்கும் அது செல்லாது. 13ஆம் எண் படிவத்தில் விண்ணப்பித்து, குறைந்த விகிதச் சான்றிதழ் வாங்கலாம். ஆண்டு முழுக்க பெரிய தொகை பிடிபடும் என்றால் அந்த முயற்சி வீண் போகாது.

பிடித்தார்கள், ஆனால் 26ஏஎஸ்ஸில் வரவில்லை. என்ன செய்வது?

முதலில் அந்தக் காலாண்டின் கடைசி நாள் தாண்டிவிட்டதா பாருங்கள். ஜனவரியில் பிடித்தது மே 31க்குப் பிறகுதான் தெரியலாம். தாண்டியும் வரவில்லை என்றால் பில் எண், தேதி, பிடித்த தொகை, உங்கள் பான், நான்கையும் எழுதி மின்னஞ்சலில் கேளுங்கள். ஃபோனில் கேட்டதற்கு ஆதாரம் இருக்காது.

பில், பேங்க் ஸ்டேட்மென்ட் இரண்டையும் பத்திரப்படுத்துங்கள். உங்களிடம் பிடித்துவிட்ட வரியைத் திரும்ப உங்களிடமே கேட்கக்கூடாது என்று 205ஆம் பிரிவு சொல்கிறது. சட்டம் உங்கள் பக்கம்தான். ஆனாலும் 26ஏஎஸ்ஸில் ஏறாத வரைக்கும் கம்ப்யூட்டர் உங்கள் ரீஃபண்டைத் தராது. அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்களே திறந்து பாருங்கள். இன்கம்டாக்ஸ் போர்ட்டலில் நுழைந்தால் 26ஏஎஸ், ஏஐஎஸ் (ஆண்டுத் தகவல் அறிக்கை) இரண்டும் அங்கேயே இருக்கும், கட்டணம் இல்லை.

அமெரிக்க வாடிக்கையாளர் 'டபிள்யூ-9 கொடு, 1099 அனுப்ப வேண்டும்' என்கிறார். நான் வேளச்சேரியில் இருந்து டிசைன் வேலை செய்கிறேன்.

டபிள்யூ-9 அமெரிக்க நபர்களுக்கானது. நீங்கள் இந்தியக் குடிமகனாக, இங்கேயே உட்கார்ந்து வேலை செய்கிறீர்கள் என்றால் கொடுக்க வேண்டியது டபிள்யூ-8பென். கம்பெனி பெயரில் செய்தால் டபிள்யூ-8பென்-இ. கையெழுத்திட்ட ஆண்டுக்கு அடுத்து வரும் மூன்றாவது ஆண்டின் டிசம்பர் முடியும் வரை அது செல்லும். 1099-என்இசி அமெரிக்காவில் சிறு தொழில் செய்வோருக்குக் கொடுத்த பணத்தைக் காட்டும் படிவம், நம்ம ஊர் 26க்யூவுக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் சாதாரணமாக அதில் பிடித்தம் இருக்காது, தகவல் மட்டும்தான். 600 டாலராக இருந்த அதன் வரம்பு 2026 முதல் 2,000 டாலர் ஆகிவிட்டது. அந்த வருமானத்துக்கு இந்தியாவில் நீங்கள் வரி கட்ட வேண்டும். அதில் மாற்றம் இல்லை.

டிடிஎஸ் சரியாகப் பிடிக்கிறோம், பணத்தைத்தான் ஆறு மாதம் கழித்துக் கொடுக்கிறோம். பிரச்சினையா?

உத்யம் பதிவு உள்ள குறு, சிறு நிறுவனத்துக்கு (உற்பத்தி, சேவை செய்பவர்களுக்கு) எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதைத் தாண்டினால் 43பி(எச்) பிரிவின்படி அந்தச் செலவு, பணம் கொடுத்த ஆண்டில்தான் கழிவாகும். மார்ச் 31 அன்று பாக்கி நின்றால் அந்தத் தொகைக்கு நீங்களே வரி கட்டுவீர்கள். பார்ட்டியிடம் பான் நகல் வாங்கும்போது உத்யம் சான்றிதழையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். இரண்டையும் ஒரே ஃபைலில் போடுங்கள்.

நோட்டீஸ் வந்தால் நுங்கம்பாக்கம் ஆயகர் பவனுக்கு (வருமான வரி அலுவலகம்) ஓட வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். தாமதக் கட்டணம், வட்டி, பான் தவறு ஆகியவை டிரேசஸிலேயே தெரியும், அங்கேயே தீரும். அதில் லாகின் செய்து 'ஜஸ்டிஃபிகேஷன் ரிப்போர்ட்'டை இறக்கிப் பார்த்தால் எந்தப் பதிவுக்கு எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கும். கட்ட வேண்டியதைக் கட்டி, அந்தச் செலானைத் திருத்த அறிக்கையில் சேர்த்துவிடுங்கள். கட்டிவிட்டு அதைச் சேர்க்காமல் விட்டால் பாக்கி அப்படியே நிற்கும்.